ஒரே தொட்டி

“சில குஞ்சு மட்டும் தனியா பெருத்துட்டு வருதுண்ணா. வேற தொட்டிக்கு மாத்திடலாமா?” என்றான் தம்பி.

கல்யாணமான தம்பியையே தனிக்குடித்தனம் போக விடாத அண்ணன், தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கூடப் பொறந்ததுங்கள ஏன்டா பிரிக்கணும்? ஒண்ணா தின்னு ஒண்ணா வளரட்டும்.”

இந்தக் கடல்மீன் குஞ்சுகள் இருவருக்கும் புதிது. அதுவரை வளர்த்தது பாசி தின்னும் சாது மீன்கள். அவை நோய் வந்து கூண்டோடு செத்து மிதந்த பிறகு, தம்பி தன் வேலையையும் விட்டுவிட்டு அண்ணனோடு இறங்கிய கடைசி முயற்சி இது.

இந்த முறை ஒரு குஞ்சுகூடச் செத்து மிதக்கவில்லை. வலையில் அள்ளி நிறுக்கும்போதெல்லாம் எடை கூடியிருந்தது. தீனியும் குறைவாகத்தான் செலவானது.

“நமக்கு விடிஞ்சிடுச்சுடா,” என்றார் அண்ணன்.

குஞ்சுகளை வாங்க வியாபாரி வந்த அன்று, கலங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நீர் வடிய வடிய அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆயிரக்கணக்கில் விட்ட தொட்டியில் கொழுத்த மீன்கள் சில மட்டுமே மிச்சம்; ஒரு கூடைக்குக்கூடத் தேறவில்லை.

“மேல வலை போட்டுத்தானே வச்சிருந்தோம். எவன் திருடினான்?” என்றார் அண்ணன்.

வியாபாரி ஒரு மீனைப் பிடித்து வாயைப் பிளந்து காட்டினார். தொண்டைக்குள் இன்னொரு குஞ்சின் வால் துடித்துக்கொண்டிருந்தது.

“பெருசு சிறுசை முழுங்கிடும், அப்பப்போ பிரிச்சு விடணும்னு யாருமே சொல்லலையா உங்களுக்கு?”

“சொன்னான்,” என்றார் அண்ணன், தம்பி நின்ற பக்கம் திரும்பாமலே.