மூடப்போகும் பானெட்

கையளவு மாடல் அம்பாசடர் காருக்குள் நகத்தளவு பிளாஸ்டிக் எஞ்சின் ஒன்று இருந்தது. அந்தக் காரைச் செய்துகொண்டிருந்த எட்வின் பானெட்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் அதற்கு ஆயுசுக்கும் இருட்டுதான்.

"இனி உன்னை ஒரு பய பார்க்க மாட்டான்" என்று பளபளத்த சக்கரம் சிரித்தது. எஞ்சினுக்கு அழுகை முட்டியது.

பசையை எடுத்த எட்வின் சட்டென்று குனிந்து பார்த்தார். தலைமுடி கனத்தில் ஒரு ஒயர் இடம் மாறி ஒட்டியிருந்தது. "அடடா, தப்புப் பண்ணிட்டேனே ராசா" என்று எஞ்சினிடம் சொல்லி, ஒயரை இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்தில் வைத்தார். அப்புறம்தான் பானெட்டை மூடி ஒட்டினார்.

"ரொம்ப இருட்டா இருக்கா?" சக்கரம் மெல்லக் கேட்டது.

"இருட்டுதான். ஆனா அந்த மனுஷன் நல்லா இருக்கணும். இப்போ யாராவது சாவி போட்டா, நான் ஸ்டார்ட் ஆயிடுவேன் போலிருக்கு!"