பொட்டக்

பதுளை ஆஸ்பத்திரி வார்டுக்குள் ராமாமிர்தம் தயங்கித் தயங்கி நுழைந்தான். ஒரு மனுசனின் கையைத் தின்றுவிட்டு அவனையே பார்க்க வந்திருக்கிறாயே, வெட்கங்கெட்டவனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

ஸ்டேஷனில் அவன் மனைவி லீலா தகரப் பெட்டிகளோடு காத்திருந்தாள். ரயில் ஏறினால் மன்னார், கப்பல் ஏறினால் ராமேஸ்வரம். கண்ணால்கூடப் பார்த்திராத இந்தியாவுக்கு அவர்கள் 'திரும்பிப்' போகிறார்களாம்! அதற்குள் கையிழந்த சுமனதாசவின் காலில் விழுந்து மன்னிப்பு வாங்கிவிட வேண்டும். வாங்காமல் கடலைத் தாண்டினால் தொண்டையில் சோறு இறங்காது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறு வருசம் நடந்தது இது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ராமாமிர்தம்தான் சுவிட்ச்காரன். மெஷின் சிக்கி நின்றால் அவன் கரண்டை நிறுத்துவான், பழுது பார்க்கிற பிட்டர் உள்ளே கை விட்டுச் சரிபார்ப்பான். உள்ளே கை விட்டவன் தன் வாயால் "போடு" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் சுவிட்ச்காரன் கோயில் சிலை மாதிரி நிற்க வேண்டும். தோட்டத்து மேனேஜர் துரையே வந்து குதித்தாலும் போடக்கூடாது. அந்த ஸ்டோரில் சாமிக்கு அடுத்தபடி அந்தச் சட்டம்தான்.

அன்றைக்கு கொழுந்து அரைக்கும் ரோலரின் பல்சக்கரத்தில் கம்பித் துண்டொன்று மாட்டிக்கொண்டது. ராமாமிர்தம் நிறுத்தினான். பிட்டர் சுமனதாச டோர்ச் லைட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு அடியில் புகுந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டான். சிங்களவன், ஆனாலும் வாய் நிறைய "அண்ணே" என்றுதான் ராமாமிர்தத்தைக் கூப்பிடுவான்.

பின்னால் டீமேக்கர் வீரசிங்கம் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. அரைத்த கொழுந்து தட்டில் கிடந்து புளித்துக்கொண்டிருந்தது. துரை வந்து மோந்து பார்த்தால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

ராமாமிர்தம் சுவரைப் பார்த்தபடி சுவிட்ச் பிடியில் கை வைத்து நின்றான். மற்ற மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே பின்னாலிருந்து "போடு" என்று காதில் விழுந்தது. போட்டான். அதற்குப் பிறகு கேட்ட அலறலைப் பற்றி அவன் லீலாவிடம்கூடப் பேசவில்லை.

புத்தி பேதலித்து உட்கார்ந்திருந்தவனைத் தேற்றி, விசயத்தை விளங்கப்படுத்தியவர் டீமேக்கர்தான். சுமனதாச கத்தியது "பொட்டக்" என்று. சிங்களத்தில் அதற்குக் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். இரைச்சலில் வால் அறுந்து அது "போடு" என்று கேட்டிருக்கிறது. உன் காது செய்த பாவத்துக்கு நீ என்ன செய்வாய் என்றார். பொறு என்றதைப் போடு என்று கேட்டுத் தொலைத்தோமே என்று ராமாமிர்தம் காதோடு சேர்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

துரையின் விசாரணையிலும் அதையே ஒப்பித்தான். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவனை யார் போய்க் கேட்பது? வேலை போயிற்று, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று. போலீசுக்குப் போகாமல் தடுத்தவர் டீமேக்கர். இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டோரை விட்டுப் போக மனசு வராமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தவனை அவசரப்படுத்திப் பயணம் கிளப்பியவரும் அவரே. பஸ் ஏற்றிவிட வந்து, நல்ல தேயிலையாகப் பார்த்து ஒரு பொட்டலம் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போய்விடாதே, அவனுடைய ஆட்கள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்றும் சொன்னார். கூடப் பிறந்தவன் செய்வானா இவ்வளவும்?

சுமனதாச மூலைக் கட்டிலில் கிடந்தான். வலது கை முழங்கையோடு முடிந்து கட்டுப் போட்டிருந்தது. உதடு வீங்கி, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. வந்தவனைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எதுக்கு வந்த?"

ராமாமிர்தம் பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வேணும்னு செய்யலப்பா. நீ பொட்டக்னு சொன்னது இந்தப் பாழாப்போன காதுல போடுன்னு விழுந்துருச்சு. நான் நிண்ட எடத்துலயே பொசுங்கிப் போயிருக்கணும்."

டீமேக்கர் ஐயா எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னதையும், அவர் இல்லையென்றால் தான் இந்நேரம் ஜெயிலில் கிடப்போம் என்பதையும் ராமாமிர்தம் அழுகையோடு சொன்னான். இந்தத் தேயிலைகூட அவர் கொடுத்ததுதான், தங்கமான மனுசன் என்றான்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் சுமனதாச மெல்லத் திரும்பினான். முதலில் பொட்டலத்தைப் பார்த்தான், பிறகு ராமாமிர்தத்தைப் பார்த்தான். முகத்தில் இருந்த கோபம் எங்கேயோ போயிருந்தது.

"பொட்டக் சொன்னதா? நானா?"

மிச்சமிருந்த கையைத் தூக்கி, உடைந்த பல்லைத் தொட்டுக் காட்டினான்.

"வாயில டோர்ச் இருந்ததுதானே அண்ணே, நான் எப்படிப் பேசுறது?"