எந்தக் கடையும் பிடிக்காதவள்

"கேள் அக்கா! இலையான் மொய்க்குதாம்! சாப்பாட்டுக் கடைக்கு ஈ, இலையான் வராமல் தேவதூதரே வருவினம்?"

கனிசியஸ் போட்ட சத்தத்தில், குருநகர்க் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மகளின் காய்ச்சல் மாறினால் வேளாங்கண்ணி மாதாவிடம் கூட்டி வருவதாக நேர்த்தி. அதற்காகப் பெண்சாதியையும் மூன்று வயதுப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நாகபட்டணத்துக்குத் தோணியில் போனவன், நேற்றுத்தான் திரும்பி வந்திருந்தான். அந்தக் குடும்பத்தில் வேறு தேசம் பார்த்தவர்கள் அவர்கள்தான் முதல்.

"நேர்த்தி முடிஞ்சுது, அது சரி. ஆனால் நான் கரை முழுக்கப் புழுகிப்போட்டெல்லோ போனனான்! இந்தியாவிலை திறமான கிளப்புக் கடை ஒண்டாப் பாத்து, பிள்ளையைக் கதிரையிலை இருத்தி, மாபிள் மேசையிலை இலை போட்டுச் சாப்பிடுவம், சாகுமட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பம் எண்டு. உவள் விட்டாளே?"

அவனுடைய தமக்கை றோஸ், குசினிப் பக்கம் பார்த்து முறைத்தாள். அங்கே அடுப்படியில் அவனுடைய பெண்சாதி மக்டலீன் குனிந்த தலை நிமிராமல் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த கடைக்குப் போனம். நெய் மணம் தெருவுக்கே வருது. எண்ணெய் காறல் மணக்குதாம்! மீன் வாடிக்குள்ளை பிறந்து வளந்தவளுக்கு எண்ணெய் மணக்குது, அக்கா!"

வேலியடியில் நின்ற சிநேகிதன் செபநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பேந்து?"

"பேந்தென்ன? அங்காலை இன்னொரு கடை. சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. பரிமாறுறவன் இருமுறானாம்! பிள்ளை பசியிலை கத்துது. உவள் என்ரை சால்வையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடுறாள். கடைசியிலை ஒரு புளியமரத்துக்குக் கீழை தொப்பி போட்ட சோனகக் கிழவர் ஒராள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புகைக்குள்ளை, மண்ணிலை குந்தியிருந்து சாப்பிடச் சொன்னாள். அங்கை இலையான் இல்லையாம்!"

"அப்ப இந்தியாவுக்குப் போய்ப் புளியமரத்துக்குக் கீழை திண்டிட்டு வந்தனீ?"

"சிரியாதை, செபநாயகம்!"

"சிரிக்கேல்லை, புளியமரத்தார். இனி உமக்கு அதுதான் பேர்."

கனிசியஸ் கையிலிருந்த செம்பை முற்றத்தில் ஓங்கி எறிந்தான்.

"பாத்துக்கொண்டிரு! நாளையிண்டைக்குத் தோணி திரும்பவும் நாகபட்டணம் போகுது. உன்னையும் கூட்டிக்கொண்டு போறன். உந்தத் துரைசாணி வேண்டாம். அந்தக் கண்ணாடிக் கடையிலை, முன் மேசையிலை இருந்து சாப்பிடாட்டி நான் கனிசியஸ் இல்லை!"

"போ தம்பி, போ! போய்ச் சாப்பிட்டுக் காட்டு!" என்று சொல்லிவிட்டு, றோஸ் குசினிக்குள் பாய்ந்தாள்.

"மேட்டிமை பிடிச்சவளே! கன்னியாஸ்திரிமாரிட்டை நாலெழுத்துப் படிச்சால், பசிச்ச மனிசனைத் தெருத்தெருவா இழுக்கச் சொல்லுதோ? என்ரை தம்பிக்கு அ, ஆ தெரியாதுதான். ஆனால் இருட்டுக் கடலிலை வானத்து வெள்ளியைப் பாத்துத் தோணி விட்டானெண்டால் நேரை கரைக்கு வருவான். அப்பிடிப்பட்டவனை ஊர் சிரிக்கப் பண்ணிப்போட்டியேடி!"

மக்டலீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மச்சாள், என்னைப் பேசுங்கோ. அடிச்சாலும் அடியுங்கோ. அவரை மட்டும் திரும்ப அங்கை போக விடாதையுங்கோ."

"ஏன்? நீ வேண்டாமெண்டதை அவன் சாப்பிட்டால் உனக்கு வயிறு எரியுதோ?"

மக்டலீன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கனிசியஸ் இன்னும் வேலியடியில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலிலும் கோபம் கொதித்தது.

"பிள்ளையைத் தோளிலை இருத்திக்கொண்டு, ராசா மாதிரிப் படியிலை காலை வைச்சிட்டார், மச்சாள். வாசலுக்கு மேலை பெரிய பலகை ஒண்டு. அவருக்கு அது வெறும் கோடு. எனக்கு வாசிக்கத் தெரியுமெல்லோ?"

"என்ன பலகை?"

"'பிராமணாளுக்கு மாத்திரம். இதர ஜாதியார் கொல்லைப்புறம் வரவும்.' அந்தத் தெருவிலை எல்லாக் கடையிலையும் அதுதான் கிடக்கு."

றோஸ் குசினிக் கதவை ஒருக்களித்தாள்.

"அவரின்ரை கோவம் உங்களுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் ஆரையாவது அடிச்சு விழுத்தியிருப்பார். பிற தேசத்துச் சிறையிலை கிடந்திருப்பார். நானும் பிள்ளையும் ஆரிட்டைப் போறது? வாயிலை வந்த குறையைச் சொல்லி இழுத்துக்கொண்டு ஓடினன்."

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமேடி?"

"சொல்லிப்போட்டு, அந்த முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது, மச்சாள்? என்னைத் திமிர் பிடிச்சவள் எண்டு பேசட்டும். பேசிப்போட்டு ராசா மாதிரியே இருக்கட்டும்."

வெளியே செபநாயகம், "நாளையிண்டைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?" என்று கேட்பது காதில் விழுந்தது.

றோஸ் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். முற்றத்துக்கு நடந்தாள்.

"தம்பி! நீ அந்தக் கடையளுக்குப் போகக் கூடாது. நான் விடன்!"

"இப்பதானே போ எண்டனீ? நீயும் உவளோடை சேந்திட்டியோ? அந்தக் கடையளிலை அப்பிடி என்ன குறை?"

"ஊத்தையடா!" என்று கத்தினாள் றோஸ். அவளுடைய கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அவ்வளவும் ஊத்தை!"