நீல்சனின் வியாழக்கிழமை

அந்த ஸ்டாக்ஹோம் அடுக்ககத்தில் எல்லா வீடுகளுக்கும் ஒரே சலவை அறை. நேரப் பலகையில் தன் வீட்டுப் பூட்டைப் போட்டவருக்கு அந்த நாள் சொந்தம். அதில் பெரியவர் சின்னவர் கிடையாது. குழந்தையைப் பார்க்க அரசாங்கம் கொடுத்த விடுப்பில் இருந்த குகதாசன் பலகையைப் பார்த்தான். மற்ற நாட்களெல்லாம் நிரம்பிவிட்டன. வியாழனில் போன மாதம் இறந்த கீழ்வீட்டு முதியவர் நீல்சனின் பூட்டு தொங்கியது.

"செத்த மனுசன் என்னத்தைத் தோய்க்கப்போறார்? உடையுங்கோப்பா. பிள்ளைக்கு மாத்த ஒரு துணியில்லை," என்றாள் மனைவி.

வியாழனன்று அழுக்குத்துணிக் கூடையோடு சலவை அறைக்கு இறங்கினான். இயந்திரத்துக்குள் நீல்சன் வழக்கமாகப் போடும் வெள்ளைச் சட்டை ஈரமாகக் கிடந்தது. அதை உலர்த்தி, மடித்து, பூட்டுக்குக் கீழே வைத்தான். கூடையை மறந்து வெறுங்கையோடு மேலே வந்தான்.

"அது அவரின்ர முறையப்பா. இருக்கட்டும்," என்றான் மனைவியிடம்.

மறுநாள் காலையில் வாசலில் கூடை இருந்தது. குழந்தையின் துணிகள் மடிப்புக் கலையாமல், இன்னும் சூடாக இருந்தன. அவற்றின்மேல் நீல்சனின் பூட்டு திறந்து கிடந்தது.