மெம்பர் ஆவதற்கு ஒரு வழி

“மூணு கட்சி மாறியாச்சு, மூணு தடவையும் தோத்தாச்சு. இவரு மட்டும் எப்பிடி ஜெயிச்சாருன்னு கேளு மக்கா” என்றான் ஜெயசிங்.

சொன்னது மகள் லிஷாவிடம். இவர் என்பது, முட்டில் எண்ணெய் மினுங்க முற்றத்தில் உட்கார்ந்திருந்த லோதர். லிஷா ஜெர்மனியில் நர்ஸ். வாடகைக்கு இருப்பது இவர் வீட்டில். முட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்து உழிச்சில் போட பொழியூர்ப் பக்கம் வந்த மனிதரை உதியன்குளங்கரையில் தன் வீடு வரைக்கும் காரில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான் ஜெயசிங்.

நான் மதிலுக்கு இந்தப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காய்ந்த துணிதான். இருந்தாலும்.

லோதர் ஒரு சின்ன ஊருக்கு மேயராக இருந்தவராம். கிழக்கு ஜெர்மனியில் ஒரே கட்சி ஆண்ட காலம். வாயைத் திறந்தால் போலீஸ். பிறகு ஆட்சி போயிற்று, கட்சி போயிற்று, அந்த நாடே போயிற்று. மேயர் மட்டும் போகவில்லை. ஜனங்கள் நிஜமாக ஓட்டுப் போட்டபோதும் அவரேதான்.

ஜெயசிங் பஞ்சாயத்து மெம்பர்கூட ஆனதில்லை. போன தடவை வீட்டுக்கு வீடு கேக் கொடுத்தான். கேக்கைத் தின்றுவிட்டு எதிராளிக்குக் குத்தினார்கள். இந்த முறையும் தோற்றால் இப்போதிருக்கும் கட்சியும் கைவிட்டுவிடும்; சீட்டுக் கொடுக்க இங்கே நாலாவதாக ஒரு கட்சி இல்லை.

லோதர் ஜெர்மனில் நெடுநேரம் பேசினார். லிஷா சிரிப்பில்லாமல் அதைத் தமிழில் சொன்னாள்.

“ஒவ்வொரு வீட்டுச் சங்கதியையும் அடுத்த வீட்டுக்காரங்கதான் வந்து இவருக்க காதுல சொல்லுவாங்களாம். இவரு மேல சொல்லுவாராம். ஆட்சி போன பிறவு, சொன்னது யாருன்னு இவரு வாயத் திறந்திரப்படாதுன்னு ஊரே இவருக்கு ஓட்டு போட்டுதாம்.”

கிழவர் சாயாவை ஊதிக் குடித்தார்.

ஜெயசிங் மதிலைப் பார்த்தான். என் தலை தெரிந்தாலே மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கப்போவதாகக் கத்துகிறவன், உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து, துண்டால் துடைத்துப் போட்டான்.

“எக்கா, அங்க நின்னு கால் கடுக்காதா? இஞ்ச வந்து இரிங்க. ஒரு சாயா குடிக்கலாம்.”

வேண்டாம் என்று லிஷா என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் இந்தத் தெருவில் யாரும் என்னிடம் ‘சொல்லு’ என்று கேட்டதே கிடையாது. நானாகப் போய்ச் சொல்லித்தான் பழக்கம்.

கேட்டைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

சாயா வருவதற்குள் இரண்டு வீடு முடிந்திருந்தது.