வலது கை ஆறிய கதை

ஆய்வின் விதிப்படி செண்பகவல்லியின் இடது உள்ளங்கைக்கு மட்டும்தான், நல்ல நுண்ணுயிர்கள் கலந்த உயிருள்ள களிம்பு. ஒப்பிட்டுப் பார்க்க, வலது கையைச் சும்மா விட்டிருந்தார்கள். நாற்பதாம் நாள் பார்த்தால் இரண்டு கையிலும் தோல்நோயின் செதிலே இல்லை.

“வலது கையிலயும் பூசுனீங்களாம்மா?” டாக்டர் மெஹர் எரிந்து விழுந்தாள்.

“சத்தியமா இல்ல டாக்டர். எட்டு வருஷம் முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்ச கை. கொஞ்சம் தேறினதும் எதிர்ல வர்றவங்களையெல்லாம் கும்பிட ஆரம்பிச்சிட்டேன்.”

ஆய்வு பாழ். ஆனால் கும்பிட்டதில் களிம்பின் நுண்ணுயிர் கைவிட்டுக் கை தாவியிருக்கிறது! மெஹர் கதவைத் திறந்து, துண்டால் கையை மூடியபடி காத்திருந்த அடுத்த நோயாளியை அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். செண்பகவல்லி கையை நீட்டினாள்.

அவர் பின்வாங்கினார். “வேணாம்மா, தொட்டா ஒட்டிக்கும்னு சொல்றாங்க.”

“ஒட்டட்டும்னுதாண்ணே தொடுறேன்.”