ஈஜிபுராப் பெண்ணுக்கு ஒரு முட்டி

பி.ஏ. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் பாலகுமாருக்குத் தும்மல் வந்தது.

அவர் எங்கள் தலைமை இன்ஜினியர். நல்ல மனுஷன். ஆனால் இன்ஜினியரிங் தவிர மற்ற படிப்பெல்லாம் பொழுதுபோக்கு என்பது அவர் கட்சி.

"முதல்ல மானிடவியல், நாடகம், கூடவே கொஞ்சம் பிசிக்ஸ். அப்புறம்தான் மெக்கானிக்கலாம். படிச்ச வருஷத்துல பாதி வீண்" என்று பயோடேட்டாவை டேரில் பக்கம் தள்ளினார்.

டேரில் ஆள் எடுக்கும் பிரிவு. பாலகுமார் எதைச் சொன்னாலும் அவர் சிரித்துவைப்பார்.

மூன்றாவது நாற்காலியில் நான், சோதனைப் பிரிவு ஜோசஃபின்.

செயற்கைக் கால் செய்கிற கம்பெனி எங்களுடையது. ஆள் எடுப்பதில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. நேர்காணலில் உட்காரும் மூன்று பேரும் சரி என்றால்தான் வேலை. ஒருவர் வேண்டாம் என்றாலும் போச்சு.

அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு இடம். ரயான் என்கிற ரேங்க் ஹோல்டரை பாலகுமார் மனசுக்குள் எடுத்தே முடித்துவிட்டார். அந்த பி.ஏ. பயோடேட்டாக்காரி லவினாவைக் கூப்பிட்டது மரியாதைக்குத்தான்.

லவினா உள்ளே வந்தாள். பாலகுமாரும் டேரிலும் எழுந்து கை கொடுத்தார்கள். நான் எழவில்லை. யார் வந்தாலும் எழுவதில்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிட்டுப் போகட்டும்.

காலையிலிருந்து வந்தவர்கள் என்னைக் குறிப்பெடுக்க வந்தவள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. இவள் திரும்பி, "வணக்கம் மேம்" என்றாள்.

போர்டில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண். விபத்தில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஒரு முட்டி வடிவமைக்கவும்.

காலையில் வந்த ரயான் மார்க்கரை எடுத்தவன், போர்டு நிறைந்த பிறகுதான் கீழே வைத்திருந்தான். கணக்கு படு சுத்தம். பொய் சொல்லக் கூடாது, நானும் அசந்துதான் போனேன்.

லவினாவும் கணக்குப் போட்டாள். பாலகுமார் குறை தேடினார், கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தேடினார். அப்போதும் கிடைக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் குஷி.

பிறகு அவள் மார்க்கரை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள். அதைத் தன் வலது முட்டிக்குப் பின்னால் வைத்து, கால் மடங்காதபடி துப்பட்டாவால் இறுகக் கட்டினாள்.

டேரில் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலோடு அவள் மாடிப்படி ஏறினாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தாள். பஸ்ஸில் ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவானோ என்று பதறினாள்.

அறையில் படியும் இல்லை, குடமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனால் அத்தனையும் என் கண்ணுக்குத் தெரிந்தது. நாடகம் படித்தது வீண் என்று யார் சொன்னது?

ஒவ்வொன்றும் முடிந்ததும் நொண்டிக்கொண்டே போர்டுக்குப் போய் ஓர் எண்ணைத் திருத்தினாள். ஏற்கெனவே சரியாக இருந்த கணக்கு, இப்போது யாரோ ஒருத்தியின் கணக்காக மாறிக்கொண்டிருந்தது.

கடைசியாகத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். எழுந்திருக்கப் போனவள் எழாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சார், இவங்க எந்தச் சாமி கும்பிடுவாங்க?"

பாலகுமார் மறுபடி தும்முவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தும்மவில்லை.

"காலேஜ்ல முதல் வருஷம் எங்களைக் கோயில், தர்கா, சர்ச்சுன்னு அனுப்பி, ஜனங்க உடம்பை எப்படி வெச்சுக்கறாங்கன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க சார். ஒவ்வொரு இடத்துலயும் முட்டி ஒவ்வொரு மாதிரி மடங்குது. சர்ச்சுக்குப் போறவங்கன்னா மொத்த வெயிட்டும் முட்டி மேலயே இறங்கும். நான் போட்ட டிசைன் அதைத் தாங்காது. இவங்க முட்டி போடுவாங்களா சார்?"

பாலகுமார் போர்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எத்தனையோ பேரை நடக்கவைத்த மனுஷன் அவர். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

"தெரியலையேம்மா" என்றார். தள்ளிவிட்ட பயோடேட்டாவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டேரிலும் அவசரமாகத் தலையாட்டினார்.

மிச்சம் இருந்தது நான்தான்.

எனக்கு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நினைவுக்கு வந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்க, எழுந்தேற்ற மணி அடித்ததும் மொத்த சர்ச்சும் முட்டி போடும். பெஞ்சில் ஒரே ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்திருப்பார். கடவுள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சாமியார் எத்தனை தடவை சொன்னாலும், அந்த ஒரு நிமிஷம் உடம்பு கூசும்.

லவினா இன்னும் தரையிலேயே, பதிலுக்காக பாலகுமார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்தபடியே புடவையை வலது பக்கம் மேலே சுருட்டினேன். பாலகுமார் செய்துகொடுத்த முட்டி வெளியே தெரிந்தது.

"இல்லம்மா, இதுல முடியாது" என்றேன். "நீ வந்து செஞ்சு குடு."